பதின்மூண்டு மாதம் என்ர கழுத்தில தொங்கின ரோக்கன்

போன கிழமை அலுமாரி துடைக்கேக்கை ஒரு சின்னத் துணிப்பை கைக்கு வந்தது. பழைய நூல் சேலையின்ர கரையை வெட்டி நானே தைச்ச பை. உள்ளுக்கை, சிங்கப்பூரில எனக்குத் தந்த ட்ரேஸ்டுகெதர் ரோக்கன், கொரோனாக் காலத்தில ஆர் ஆருக்குக் கிட்ட நிண்டது எண்டு குறிச்சு வைச்ச சின்னக் கருவி. லைட் செத்துப்போச்சு. கியூஆர் கட்டம் மட்டும் அப்பிடியே கிடக்குது.

"அக்கா, உதைப்பற்றி இப்ப எழுதி என்ன பிரயோசனம்?" எண்டு தங்கச்சி கேட்டவள். உண்மைதான். இது கடையில வாங்குற சாமானில்லை, சிங்கப்பூரிலயே இப்ப ஒருத்தரும் பாவிக்கிறதில்லை. ஆனால் இன்னொரு தொற்று வந்தால் எங்கட ஊருக்கும் இப்பிடி ஒண்டைக் கொண்டு வருவினம். ஸ்மார்ட் சிற்றி, டிஜிற்றல் எண்டு பேர் வைப்பினம். அண்டைக்கு என்னத்தைப் பார்க்க வேணும், என்னத்தைக் கேட்க வேணும் எண்டு ஒருக்காப் பாவிச்ச நான் சொல்லி வைக்கத்தான் வேணும்.

நான் தபாற்கந்தோரில 32 வருசம் வேலை செய்தவள். முத்திரை வித்தனான், பதிவுத் தபால் புத்தகம் எழுதினனான், கடைசியில கொக்குவில் பக்கத்தில ஒரு உப தபாற்கந்தோரைப் பொறுப்பா நடத்தினனான். இதை ஏன் சொல்லுறன் எண்டது போகப் போக விளங்கும்.

2020 மாசியில மகளின்ர பிள்ளைப்பேறு பார்க்கப் போனனான். ஆங் மோ கியோவில ஒன்பதாம் மாடி வீடு. மருமகன் எனக்கு நீண்டகாலம் தங்குற அனுமதி எடுத்துத் தந்தவர். சித்திரை வருசத்துக்கு ஊரில நிக்கலாம் எண்டு நினைச்சுப் போன நான், திரும்பி வந்து எங்கட வீட்டுப் படலையைத் திறந்தது 2021 மார்கழியிலதான்.

பேத்தி பிறந்த கையோட ஊர் பூட்டுப்பட்டது. ஏப்ரல் 7இல இருந்து ஜூன் 1 வரை அங்க 'சர்கிட் பிரேக்கர்' எண்டு பேர் வைச்ச முடக்கம். மே மாதம் பீஷான் - ஆங் மோ கியோ பூங்காவில மஞ்சள் நிறத்தில, நாலு காலில நடக்கிற ஒரு இயந்திரத்தை விட்டவை. ஸ்பாட் எண்டு பேர். எட்ட நில்லுங்கோ எண்டு சொல்லுற ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு ஆத்தங்கரையோரம் போகும். காலமை காத்துவாங்கப் போகேக்கை நானும் பார்த்தனான். முழங்கால் மடிஞ்சு நிமிர்ற விதம் பிறந்து ரெண்டு நாளான ஆட்டுக்குட்டி மாதிரி. உலகம் முழுக்க அந்தப் படம்தான் போனது. ஊரில இருந்தும் எனக்கு நாலு பேர் அனுப்பினவை. சிங்கப்பூரின்ர தொழில்நுட்பம் எண்டால் இதுதான் எண்டு கனபேர் இண்டைக்கும் நினைச்சுக்கொண்டு இருக்கினம். என்னைக் கேட்டால், அந்த இயந்திரத்தை மறந்து போகலாம். வேலை செய்தது என்ர பைக்குள்ள கிடக்கிற இந்தச் சின்னச் சாமான்தான்.

முதல்ல வந்தது ரோக்கன் இல்லை, செயலி. 2020 மார்ச் 20ஆம் திகதி வெளியிட்டவை. ரெண்டு பேர் கிட்டக் கிட்ட நிண்டால் அவையின்ர போன் ரெண்டும் புளூரூத்தில ஒண்டுக்கொண்டு ஒரு குறியீட்டைக் குடுத்து வாங்கி வைச்சுக்கொள்ளும். பேரில்லை, இடமில்லை, இன்ன குறியீட்டுக்குப் பக்கத்தில இவ்வளவு நேரம் நிண்டது எண்டது மட்டும். நல்ல யோசனை. ஆனால் ஐபோனில அந்தச் செயலியைத் திறந்து வைச்சிருந்தால்தான் ஒழுங்கா வேலை செய்யும் எண்ட கரைச்சல் தொடக்கத்தில இருந்தது. என்னட்டை இருந்ததோ பட்டன் போன். என்னைப் போல ஆக்கள் அங்க ஆயிரக்கணக்கில. கொரோனா முதல்ல தேடி வந்ததும் எங்கட வயசுக்காரரைத்தானே. காப்பாத்த வேண்டின ஆக்களை விட்டிட்டுக் காப்பாத்தத் தேவையில்லாத பெடியளின்ர போனில இருக்கிற ஒரு மருந்து மாதிரி அந்தச் செயலி இருந்தது.

அதை அந்த அரசாங்கம் மூண்டு மாதத்தில விளங்கிக்கொண்டதுதான் என்ர கண்ணில முதலாவது பெரிய விசயம். 2020 ஜூன் கடைசியில முதல் ரோக்கன்கள் போனது, போன் இல்லாத, உதவிக்கு ஆளில்லாத வயசுபோன ஆக்களுக்கு. செப்ரெம்பர் 14இல இருந்து எல்லாருக்கும். அதிலயும் வயசானவை கூட இருக்கிற தஞ்சோங் பகாரிலயும் ஜாலான் புசாரிலயும்தான் தொடங்கினவை.

எங்கட பக்கத்துச் சமூக மன்றத்தில நான் எடுத்தது நவம்பரில. கதிரையள் துலைக்குத் துலைக்குப் போட்டிருந்தது. அட்டையைக் காட்டினன், ஒரு பிள்ளை அதை ஸ்கான் பண்ணிப்போட்டு ஒரு சின்னப் பெட்டியை நீட்டினாள். காசில்லை, படிவமில்லை, கையெழுத்தில்லை, கடவுச்சொல் இல்லை. துண்டுப்பிரசுரம் நாலு மொழியில, தமிழும் அதில ஒண்டு. எனக்கு முன்னால ஒரு சீனத்து மனுசி, என்னைவிடப் பத்து வயசு கூட இருக்கும். பெட்டியைத் திறந்து, ரோக்கனைக் கையில வைச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பொத்தான் எங்க எண்டு தேடியிருப்பா. பொத்தானே இல்லை. அந்தப் பிள்ளை கழுத்துப்பட்டியைக் கொழுவி அவவின்ர கழுத்தில போட்டு விட்டுது. அவ்வளவுதான் பாவிக்கிற முறை.

உள்ளங்கைக்குள்ள அடங்கும். பாரமில்லை. இடைக்கிடை ஒரு பச்சை லைட் மின்னி மறையும், உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லுற மாதிரி. பற்றரி ஆறு தொடக்கம் ஒன்பது மாதம் நிக்கும் எண்டு சொன்னவை. சார்ஜ் பண்ணத் தேவையில்லை. முடிஞ்சால் சிவப்பு மின்னும், கொண்டுபோய்க் குடுத்தால் வேற தருவினம். ஜிபிஎஸ் இல்லை. இன்ரநெற்றும் இல்லை. அதால நான் எந்தக் கடையில, எந்தக் கோயிலில நிண்டனான் எண்டு அதுக்குத் தெரியாது. ஆருக்குப் பக்கத்தில எண்டது மட்டும்தான் தெரியும், அதுவும் பூட்டுப்போட்ட குறியீடா. 25 நாளில தானே அழிஞ்சுபோம். எனக்குத் தொற்று வந்தால் மட்டும் ரோக்கனை வாங்கித் திறந்து பார்ப்பினம்.

இந்த விளக்கத்தை மருமகன் எனக்குச் சொல்லி முடிக்கேக்கை, "அப்ப கடித உறை மாதிரி" எண்டு நான் சொன்னனான். அவருக்கு அது விளங்கேல்லை. தபாற்கந்தோரில வேலை செய்த ஆக்களுக்குத்தான் விளங்கும். நாங்கள் கடிதத்தைத் திறக்கிறதில்லை. ஆனால் உறையின்ர வெளிப்பக்கம் முழுக்க எங்கட கண்ணில படும். கனடாவில இருந்து மாதாமாதம் ஆருக்குப் பதிவுத் தபால் வருது, அது எப்ப நிண்டது, எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஊரில இருந்து ஒரே கையெழுத்தில கிழமைக்கு ரெண்டு கடிதம் வருது, ஆர் கையெழுத்து வைச்சு வாங்கினது. உள்ளுக்கு ஒரு சொல்லும் வாசியாமல் ஒரு குறிச்சியின்ர சீவியத்தையே அந்த உறையளில இருந்து சொல்லலாம். அதாலதான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை கந்தோர்ப் பெரியவர் எங்களுக்குச் சொன்னது: உறையில கண்டது உறையோட போகவேணும். ரோக்கனும் உறைதான். ஆர் என்ன கதைச்சது எண்டு தெரியாது, ஆர் ஆரோட நிண்டது எண்டு தெரியும்.

பாவிச்ச அனுபவம் எண்டு பார்த்தால், ஒரு கிழமையில அதை மறந்துபோனன். மறக்கக்கூடியதா இருந்ததுதான் அதின்ர சிறப்பு. கழுத்துப்பட்டி வேர்வைக்குக் கடிச்சபடியாத்தான் அந்தச் சேலைக்கரைப் பையைத் தைச்சனான். கியூஆர் பக்கம் தெரிய ஒரு சதுரம் வெட்டி, விளிம்பை மடிச்சுத் தைச்சு விட்டன். பிறகு கடைவாசலில ஒரு சின்னப் பெட்டி வைச்சினம். அதுக்குக் கிட்டக் கொண்டுபோனால் 'பீப்' எண்டு ஒரு சத்தம், நான் அந்தக் கடைக்கு வந்தது வேற கணக்கில பதிஞ்சுபோம். பையை விட்டு எடுக்கவும் தேவையில்லை. பேத்தி கதைக்கத் தொடங்கின காலம் அது. படலையோ கதவோ எங்க கண்டாலும் "பீப்" எண்டுபோட்டுத்தான் உள்ளுக்கை வருவாள்.

மனம் நொந்த ஒரு நாளும் இருக்குது. 2021 மே 17இல இருந்து கடைத்தொகுதி, சாப்பாட்டுக் கடை எல்லாத்துக்கும் செயலி அல்லது ரோக்கன் கட்டாயம். அதுக்குப் பிறகு ஒரு நாள் பின்னேரம் பிள்ளைக்குப் பால்மா முடிஞ்சுது எண்டு அவதியில இறங்கி ஓடினனான். கடைவாசலில கழுத்தைத் தடவினால் ரோக்கன் இல்லை. குளிக்கேக்கை கழட்டி யன்னலில கொழுவினது. காவல்காரப் பெடியன் மரியாதையாத்தான் சொன்னவன், "சாரி ஆன்ட்டி". பேரும் போன் நம்பரும் எழுதித் தாறன் எண்டன். இல்லை எண்டான். முழங்கால் நோவோட திரும்ப நடந்து, லிப்ட் ஏறி, எடுத்துக்கொண்டு வந்தனான். கருவி நல்லது. ஆனால் அது இல்லாட்டில் பால்மாவும் இல்லை எண்ட சட்டம் மறதியுள்ள வயசுக்கு ஏற்ற சட்டமில்லை. ஒரு கொப்பியை மேசைக்குக் கீழ வைச்சிருந்தால், இப்பிடி வாற நாலு கிழடுகளுக்குக் காணும்.

இன்னொண்டு. ரோக்கனில திரை இல்லை. எனக்குப் பக்கத்தில தொற்றுள்ள ஆள் நிண்டாலும் அது எனக்குச் சொல்லாது, சுகாதாரப் பகுதிதான் கூப்பிட்டுச் சொல்ல வேணும். அது உண்மையாவே வேலை செய்யுதோ எண்டு சோதிக்க என்னட்டை அந்தப் பச்சை லைட்டைத் தவிர ஒண்டுமில்லை. முழுக்க நம்பிக்கையில தொங்குற சாமான். வேலை செய்ததா எண்டு கேட்டால், தொற்றுக்காரரோட நிண்ட ஆக்களைத் தேடிப் பிடிக்க முதல் நாலு நாள் எடுத்த வேலை ஒண்டரை நாளுக்குள்ள முடிஞ்சது எண்டு அந்த அரசாங்கம் சொன்னது. கொரோனாவில ரெண்டரை நாள் எண்டது சின்ன விசயமில்லை, அதுக்குள்ள ஒரு வீடு முழுக்கப் படுத்திடும்.

அந்த நம்பிக்கையிலதான் 2021 தையில ஒரு வெட்டு விழுந்தது. தொற்றுத் தேடுறதுக்கு மட்டும்தான் இந்தத் தரவு எண்டு சொல்லித்தான் சனத்தை எடுப்பிச்சவை. ஜனவரி 4ஆம் திகதி நாடாளுமன்றத்தில ஒரு கேள்விக்குப் பதில் சொல்லேக்கை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ பொலிசும் இதைக் கேட்டு வாங்கலாம் எண்டு உள்துறைத் துணை அமைச்சர் சொன்னார். ஒரு கொலை வழக்கில ஏற்கெனவே எடுத்திருக்கினம் எண்டதும் தெரிய வந்தது. ஸ்மார்ட் நேஷன் எண்ட அரசாங்க டிஜிற்றல் திட்டத்துக்குப் பொறுப்பா இருந்த அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், தான் முந்தி வாக்குக் குடுக்கேக்கை அந்தச் சட்டத்தை யோசிக்கேல்லை எண்டு நாடாளுமன்றத்தில ஒத்துக்கொண்டார்.

அண்டைக்கு இரவு சாப்பாட்டு மேசையில மருமகன் சொன்னவர், "மாமி, கொலைகாரனைப் பிடிக்கத்தானே. அதில என்ன பிழை?"

நான் சொன்னன், "தம்பி, பிடிக்கிறது பிழையில்லை. ஒண்டுக்கெண்டு வாங்கிப்போட்டு இன்னொண்டுக்குக் குடுத்ததுதான் பிழை."

அவர் சிங்கப்பூரில வளர்ந்த பிள்ளை. எங்கட ஊரில பேர்ப்பட்டியல் எண்டால் என்ன எண்டு அவருக்குத் தெரிய நியாயமில்லை. சண்டைக்காலத்தில ஒரு நாள் கந்தோருக்கு ஒருத்தர் வந்தவர். சீருடை இல்லை. குறிப்பிட்ட ஒரு ஒழுங்கையில எந்தெந்த வீட்டுக்கு வெளிநாட்டுக் கடிதம் வருது எண்டு கேட்டார், சும்மா நேரம் கேட்கிற மாதிரி. எனக்கு நாக்கு ஒட்டிப்போச்சு. பெரியவர் எழும்பி வந்து, "கோட்டுக் கட்டளை இருந்தால் கொண்டு வாங்கோ" எண்டு மட்டும் சொன்னவர். வந்தவர் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நிண்டிட்டுப் போனார். அவர் போன பிறகு பெரியவரின்ர கை நடுங்கினதை நான் கண்டனான். அந்த ஒழுங்கையில ஒன்பது வீடு. ஒவ்வொரு வீட்டையும் எனக்குத் தெரியும்.

அதாலதான் அந்த இரவு ரோக்கனைக் கழட்டி லாச்சிக்குள்ள போட்டனான். மகள் ஒண்டும் சொல்லேல்லை. நாலு நாள் அது லாச்சிக்குள்ள கிடந்தது. அஞ்சாம் நாள் பேத்திக்குத் தடுப்பூசி போட வெளிக்கிடேக்கை திரும்ப எடுத்துப் போட்டன். என்ர பயம் பழைய பயம், பிள்ளையின்ர ஆபத்துப் புது ஆபத்து. ரெண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் போட்டனான்.

பெப்ரவரி 2ஆம் திகதி சட்டம் திருத்தினவை. பயங்கரவாதம், கொலை, ஆள்கடத்தல் மாதிரி ஏழு வகைப் பாரதூரமான குற்றங்களுக்கு மட்டும்தான் அந்தத் தரவை எடுக்கலாம், வேற எதுக்கும் எடுத்தால் 20,000 வெள்ளி வரை தண்டம் அல்லது 2 வருசம் வரை மறியல், இல்லாட்டில் ரெண்டும். ஏழும் வேண்டாம், ஒண்டுக்கும் குடுக்கக்கூடாது எண்டதுதான் என்ர எண்ணம், இண்டைக்கும் அதுதான். ஆனால் பிழையைச் சபையில ஒத்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள்ள எழுத்தில வரம்பு போட்ட அரசாங்கத்தை நான் என்ர வாழ்நாளில அங்கதான் கண்டனான். அதையும் சொல்லத்தான் வேணும்.

சொல்லாமல் விடேலாத இன்னொரு விசயம் வெளிநாட்டுத் தொழிலாளரின்ர விடுதியள். எங்கட மாடிக்குக் கீழ புல்லு வெட்டுற, குப்பை அள்ளுற, பக்கத்தில கட்டடம் கட்டுற பிள்ளையளில கனபேர் தமிழ்நாட்டுக்காரர். முதல் மாதங்களில கட்டில் மேல கட்டிலாப் படுக்கிற விடுதியளுக்குள்ள தொற்று புகுந்தது. 2020 முடியேக்கை அந்த நாட்டில கணக்கெடுத்த ஏறத்தாழ 58,000 தொற்றில 54,000க்கு மேல அந்த விடுதியளில. அவையளுக்குப் பிறகு புளூபாஸ் எண்டு வேற ரோக்கன் குடுத்தவை, கையில கட்டுறது. எங்களைக் கடைக்கும் பூங்காவுக்கும் விட்டபோதும் அவையளைப் பெரும்பாலும் விடுதிக்கும் வேலைத்தளத்துக்கும் வெளியில விடேல்லை. கையில ரோக்கன் கட்டின ஒரு பெடியன், தஞ்சாவூர்ப் பக்கம், லொறிக்குக் காத்துக்கொண்டு நிக்கேக்கை என்னோட கதைச்சவன். "நீங்க இலங்கைத் தமிழாம்மா?" எண்டு கேட்டுத்தான் தொடங்கினவன். ஒரு வருசமாக் கோயிலுக்குப் போகேல்லையாம். அந்த நகரம் ஆர் ஆருக்குப் பக்கத்தில ரெண்டு மீற்றரில நிக்கினம் எண்டு அளக்கப் பழகினது. பன்னிரண்டு பேர் ஒரு அறையில படுக்கினம் எண்டது கருவி இல்லாமலே தெரிஞ்சிருக்க வேண்டின விசயம். இதுக்கு ரோக்கனுக்கு நான் புள்ளி குறைக்கேல்லை, நகரத்துக்குக் குறைக்கிறன்.

தென்கொரியா வேற வழியில போனது எண்டு மருமகன் சொல்லுவார், அவருக்கு அந்த முறையில பிரியம். ஸ்மார்ட் சிற்றிக்கெண்டு கட்டி வைச்சிருந்த தரவு மேடையைத் தொற்றுத் தேடுறதுக்குத் திருப்பி, 2020 மார்ச் 26ஆம் திகதி ஓட விட்டவை. போன் கோபுரத் தகவல், வங்கி அட்டை பாவிச்ச தகவல் எல்லாம் ஒரு இடத்தில சேரும். ஒரு நாள் எடுத்த வேலை பத்து நிமிசத்துக்குள்ள. 2015இல மேர்ஸ் எண்ட தொற்று வந்து அடிபட்ட பிறகு சட்டத்தையும் அதுக்கேற்ற மாதிரி மாத்தி வைச்சிருந்தவை. சனம் கழுத்தில ஒண்டும் தொங்கவிடத் தேவையில்லை. கேட்க நல்லாத்தான் இருக்குது. ஆனால் தொற்றுக்காரர் போன இடங்களைப் பகிரங்கமாப் போட்டதில, பேர் இல்லாட்டிலும் ஆளை ஊகிச்சு வாய்க்கு வந்தபடி கதைச்சவை. உறையைத் தபால் பெட்டியிலயே ஒட்டி வைச்ச மாதிரி அது. எனக்கு வேண்டாம்.

இப்ப எங்கட ஊர். நான் அங்க பீப் அடிச்சுக்கொண்டு திரியேக்கை, தங்கச்சி இஞ்ச கடைவாசலில கொப்பியில பேர் எழுதிக்கொண்டு நிண்டவள். பேர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், நேரம். பேனை நூலில கட்டித் தொங்கும், எல்லாருக்கும் ஒரே பேனை. ஸ்டே சேஃப் எண்டு இலங்கை அரசாங்கமும் கியூஆர் முறை கொண்டு வந்ததுதான், ஒட்டின கடையளும் உண்டு. எங்கட சந்துக்கடைக்கு வாற அரைவாசிச் சனத்திட்டை அதைப் படமெடுக்கிற போன் இல்லை. அதால கொப்பிதான் நிண்டு பிடிச்சது.

அந்தக் கொப்பியால எங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடந்ததை எழுத வேணும். கம்பஸில படிக்கிற பிள்ளை. ஒரு கடையில பேர் எழுதிப்போட்டு வந்த அண்டிரவே தெரியாத நம்பரில இருந்து அழைப்பு. அடுத்த நாளும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டவனாம். கொப்பியில அவளுக்குப் பின்னால எழுதின ஆரோ ஒருத்தன். ரெண்டு கிழமை அந்தப் பிள்ளை போனை நிப்பாட்டி வைச்சு, கடைசியில சிம்மை மாத்தினது. தாய் கடைக்காரரிட்டைப் போய்க் கேட்க, "நாங்கள் என்ன செய்யிறது, எழுதச் சொல்லி உத்தரவு" எண்டு சொல்லியிருக்கினம். கொப்பி மேசையில விரிச்சபடி அப்பவும் கிடந்ததாம். முடிஞ்ச கொப்பியள் எங்க போனது? ஆர் எரிச்சது? ஆரும் கேட்கவுமில்லை. பதிவுத் தபால் புத்தகத்தை நாங்கள் அலுமாரியில பூட்டித் திறப்பை இடுப்பில சொருகிக்கொண்டு இருந்த ஊர் இது.

ரோக்கனை நான் மெச்சுறதுக்குப் பெரிய காரணம் இந்தக் கொப்பிதான். எனக்குப் பின்னால வரிசையில நிண்டவனுக்கு என்ர நம்பர் தெரியாது. கடைக்காரனுக்குத் தெரியாது. 25 நாளில அழிஞ்சுபோம். தனிமனிசனிட்டை இருந்து என்னைக் காப்பாத்தினது, அரசாங்கத்திட்டை இருந்து காப்பாத்தத்தான் சட்டம் தேவைப்பட்டது. எங்கட ஊரில ரெண்டில இருந்தும் காப்பு இல்லை.

2019இல யாழ்ப்பாண மாநகரசபைப் பகுதியில ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் நடேக்கை, 5ஜி கோபுரம், கதிர்வீச்சு எண்டு சனம் ரோட்டில இறங்கினது. நானும் அப்ப பயந்தனான். இப்ப யோசிச்சால், கதிர்வீச்சைப் பற்றிக் கேட்ட அளவுக்கு, அந்தக் கம்பத்தில கமரா வருமோ, வந்தால் அந்தப் படம் ஆரிட்டைப் போகும், எத்தினை நாள் இருக்கும் எண்டு நாங்கள் கேட்கேல்லை. சிங்கப்பூர் ரோக்கன் எனக்குப் பழக்கின கேள்வி அது.

எண்டாலும் கருவி இல்லாமல் எங்கட ஊர் செய்த வேலையைக் குறைச்சுச் சொல்ல மாட்டன். 2020 மார்ச்சில அரியாலையில நடந்த ஒரு ஆராதனையோட வடக்கில தொற்றுத் தொடங்கேக்கை, அதில நிண்ட ஆக்களைத் தேடிப் பிடிச்சது பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் விதானைமாரும்தான், மோட்டச்சைக்கிளிலயும் போனிலயும். அடையாள அட்டையின்ர கடைசி இலக்கத்தைப் பார்த்து வெளியில போற முறை இருந்ததே, அது எங்கட தங்கச்சிக்கு ஒருக்காச் சொல்ல விளங்கினது. பற்றரியும் தேவையில்லை. ஊரடங்குக்குள்ள கிளினிக் நோயாளருக்கு ஆசுப்பத்திரி மருந்தைத் தபாலில அனுப்பினவை. தங்கச்சியின்ர பிரஷர் குளிசை எங்கட கந்தோர்ப் பெடியன்ர சைக்கிளிலதான் வந்தது. படலையில நிண்டு மணியடிச்சு, பொதியை மதிலில வைச்சிட்டு எட்ட நிண்டு கையெழுத்து வாங்கினவனாம். அதைப் போனில கேட்கேக்கை எனக்குக் கண் கலங்கினது. 2021இல சிங்கப்பூரும் வீட்டுக்கு ஆறு பரிசோதனைக் கிற் எண்டு குடுக்க வெளிக்கிடேக்கை, கடைசியில தேடினது தபால்காரனைத்தான். ஒன்பதாம் மாடிக்காரருக்கும் கீழ இருக்கிற தபால் பெட்டிக்கு அது வந்தது.

புள்ளி கேட்டால், கருவிக்கு அஞ்சுக்கு நாலரை. வயசுபோன ஆக்களை முன்னுக்கு வைச்சுச் செய்த சாமானை நான் வேற காணேல்லை. அதோட வந்த வாக்குக்கு அஞ்சுக்கு ரெண்டரை, திருத்தினபடியாத்தான் அந்த ரெண்டரையும். எங்கட ஊருக்கு இப்பிடி ஒண்டு வந்தால் நான் போடுவன். போட முதல், எத்தினை நாளில அழியும், ஆர் கேட்டாலும் குடுக்கமாட்டினம் எண்டு எந்தச் சட்டத்தில எழுதியிருக்குது, தமிழில எழுதித் தாங்கோ எண்டு கேட்டுத்தான் போடுவன்.

2023 பெப்ரவரியில அந்த முறையையே நிப்பாட்டினவை. தரவெல்லாம் அழிச்சாச்சு எண்டும், அந்த ஒரு கொலை வழக்கின்ர தரவு மட்டும் பொலிசிட்டை இருக்கும் எண்டும் அறிவிச்சவை. மகள் தன்ர ரோக்கனைச் சமூக மன்றத்தில திருப்பிக் குடுத்தவள், மறுசுழற்சிக்கு. என்ரது இஞ்ச வந்திட்டுது.

அங்க இருந்து வந்த ஆக்களின்ர வீட்டில இன்னும் இது கிடக்கலாம். உள்ளுக்கை பற்றரி இருக்குது. வளவுக் குப்பையோட கூட்டி எரிச்சுப் போடாதேங்கோ, கிணத்தடியில வீசாதேங்கோ. நான் என்ரதை மகள் ஆவணியில வரேக்கை குடுத்தனுப்ப எடுத்து வைச்சிருக்கிறன். சேலைக்கரைப் பை தங்கச்சிக்கு, குளிசை வைக்க அளவாக் காணும்.